களிமண் மேல் வீடு

மார்கழி பிறந்துவிட்டால் பெயின்ட் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்த மழையில் ஊறிக் கிடக்கும் சுவரைச் சுரண்டி, பட்டி வைத்து, ப்ரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் எமல்ஷன் ஏற்றிவிடுகிறார்கள். போகியன்று பார்த்தால் புது வீடுதான். பங்குனி வெயில் ஏறும்போது, தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் மேல்தோல் கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளை உப்பு மாவாக உதிர்கிறது. அதற்குப் பின்னால் பூச்சு, சொரிந்தால் விரலோடு வருகிறது.

நம் பாட்டன் பாட்டிகளும் பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்தார்கள். ஆனால் அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுவருக்குள் ஈரம் இருந்தாலும் சுண்ணாம்புப் பூச்சு வழியே அது வெளியேறிக்கொண்டே இருக்கும். மாசி வெயிலில் சுவர் தானாகக் காய்ந்துவிடும். இன்று நாம் ஏற்றுவது ஒரு பிளாஸ்டிக் படலம். மழையை வெளியே நிறுத்துவதில் அது கெட்டி. உள்ளே புகுந்த ஈரத்தையும் அதே கெட்டித்தனத்தோடு உள்ளேயே அடைத்துவைக்கும். பண்டிகைக்கு வண்ணம் வேண்டுமென்றால் மழைக்கு முன்பே, புரட்டாசி பிறப்பதற்குள் அடித்துவிடலாம். இல்லையென்றால் சுவர் காய்ந்த பிறகு மாசி, பங்குனியில் அடிக்கலாம். மார்கழியில் அடிக்கும் பெயின்ட், காசைச் சுவரில் பூசி உரிப்பதற்குச் சமம்.

பெயின்ட் கடைசி வேலை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மாடியில் ஒழுகவில்லை, குழாயும் உடையவில்லை என்றால், சுவரின் அடிப்பகுதிக்கு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து. களிமண் பூமியில் வீட்டைப் பழுதுபார்ப்பது வாசலுக்கு வெளியே, மண்ணில் தொடங்க வேண்டிய வேலை. பெரும்பாலான வீடுகளில் அது வரவேற்பறைச் சுவரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பணம் போவதும், இரண்டு வருடத்தில் அதே இடம் மறுபடி பொரிவதும் இதனால்தான்.

ஏரியின் மேல் எழுந்த தெருக்கள்

சென்னை என்றால் கடற்கரை மணல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மணல் இருப்பது திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை என்று கடலோரமாக ஒரு பட்டையில். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. மிச்ச நகரத்தின் பெரும்பகுதி, தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் எல்லாம் களி. தியாகராய நகரின் கதை இன்னும் நேரடியானது: மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920-களில் வடித்துவிட்டு அதன் படுகையில் உருவாக்கிய குடியிருப்பு அது. நகரம் தெற்கேயும் மேற்கேயும் பரவியபோது மற்ற ஏரிகளுக்கும் வயல்களுக்கும் அதே கதிதான். ஏரிப்படுகை என்றால் நூற்றாண்டுகளாகப் படிந்த நைஸான களி என்று பொருள்.

காவிரிப் படுகையில் இது இன்னும் கடுமை. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வயலுக்கு நடுவே திட்டு போட்டு எழுப்பிய வீடுகளைச் சுற்றி, ஆற்றில் தண்ணீர் வந்ததிலிருந்து தை அறுவடை வரை மண் சொதசொதவென்றே இருக்கும். கோடையில் அதே வயல் கை நுழையும் அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு வரப்போடு நின்றுவிடுவதில்லை. வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கீழேயும் போகிறது.

காரணம் களியின் உடம்பிலேயே இருக்கிறது. மான்ட்மோரில்லோனைட் என்ற தாது அதிகமுள்ள களியில், கண்ணுக்குத் தெரியாத தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் ஊதுகிறது. காய்ந்தால் சுருங்குகிறது. இதை அளக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1977-லேயே எளிய சோதனை ஒன்றை வகுத்திருக்கிறது. சலித்துக் காயவைத்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றொன்றில் தண்ணீர். ஒரு நாள் அப்படியே விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் போட்டபடி கிடக்கும்; தண்ணீரில் ஊதி மேலே ஏறியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மனையில் சாதாரண அஸ்திவாரத்தை நம்பக் கூடாது. மனைக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் நாம், இந்தச் சின்னச் சோதனையைச் செய்வதே இல்லை.

வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அதன் ஈரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஓரங்களில் இருக்கும் மண்தான் கார்த்திகையில் ஊதி, வைகாசியில் சுருங்குகிறது. ஆகவே வீட்டின் மூலைகள் வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. செங்கல்லும் சிமென்ட்டும் விறைப்பான பொருள்கள், வளையத் தெரியாது. எங்கே பலவீனமோ அங்கே, பெரும்பாலும் ஜன்னல், கதவு மூலைகளில், சாய்வாகப் படிப்படியாக வெடித்துக்கொள்கின்றன.

விரிசலைப் படிப்பது

எல்லா விரிசலும் மண்ணால் வருவதில்லை. இதைப் பிரித்தறியத் தெரியாததால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

பூச்சின் மேல் வலை பின்னியது போன்ற மயிரிழைக் கோடுகள், பூச்சு காய்ந்த விதத்தால் வந்தவை. கலவையில் சிமென்ட் அதிகம், அல்லது போதிய நாள் தண்ணீர் விட்டு நனைக்கவில்லை. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மேல்மாடிச் சுவரில் கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே நேர்கோடாக ஓடும் விரிசலுக்குக் காரணம் வெயில்: தளம் சூட்டில் விரிந்து சுவரைத் தள்ளுகிறது. மாடியில் வெப்பத்தைத் தடுக்கும் ஓடு பதித்தால் அது குறையும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வரும் கோடு, இரண்டு வேறு பொருள்களின் இணைப்பு பிரிவது. கொத்திவிட்டு, கம்பி வலை அடித்துப் பூசினால் தீர்ந்தது.

மண்ணால் வரும் விரிசல் சாய்வாகப் போகும், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கும், சுவரின் இரு பக்கமும் தெரியும். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் அந்த ஓரம் கீழே இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. இவற்றையெல்லாம்விட உறுதியான அடையாளம் காலம்தான்: வைகாசியில் வாய் திறந்து கார்த்திகையில் மூடிக்கொள்ளும் விரிசல் என்றால் சந்தேகமே வேண்டாம், களிமண்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். விரிசலின் இரு முனைகளிலும் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதிவைக்க வேண்டும். அகலமான இடத்தில் இரு பக்கமும் இரண்டு சின்ன ஆணி அடித்து, ஆணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து குறித்துவைக்க வேண்டும். பழைய பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டிவைப்பார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டால் விரிசல் நின்றுபோனதா, நடந்துகொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தாலோ, கதவு நிலை கோணிக்கொண்டு தாழ்ப்பாள் விழ மறுத்தாலோ, ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அவர் முதலில் பார்க்க வேண்டியதும் வீட்டின் வெளிப்புறத்தைத்தான்.

நடக்கிற விரிசலைக் கோடையில் சிமென்ட் வைத்து இறுக அடைப்பது மிகப் பரவலான தவறு. கார்த்திகையில் மண் ஊதி விரிசல் மூட வரும்போது, அடைத்த சிமென்ட் ஆப்பு போல நின்று சுவரை வேறு இடத்தில் பிளக்கும். முதலில் மண்ணின் ஈரத்தை நிலைப்படுத்த வேண்டும். அதன் பிறகு, நெகிழும் சீலன்ட் கொண்டு அடைக்க வேண்டும்.

ஒரு மூலையில் ஒரு லாரித் தண்ணீர்

மண்ணின் ஈரத்தை நிலைப்படுத்துவது என்றால் என்ன? கணக்கைப் பார்க்கலாம். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் சேரும். அதாவது ஒரு லாரித் தண்ணீர். நவம்பரில் சென்னைக்கு இது அபூர்வமான மழை அல்ல. மாடியில் இரண்டு குழாய்தான் என்றால், சுவரை ஒட்டி இறங்கி, தரைக்கு ஓரடி மேலே வாயைப் பிளந்து நிற்கும் அந்தக் குழாய்கள், அத்தனை தண்ணீரையும் அஸ்திவாரத்தின் இரண்டு மூலைகளில் கொட்டுகின்றன. விரிசல் விட்ட வீடுகளைச் சுற்றி நடந்து பாருங்கள். மோசமான விரிசலுக்கு நேர் கீழே மழைநீர்க் குழாயோ, ஒழுகும் சம்ப்போ, உடைந்த கழிவுநீர்த் தொட்டியோ இருப்பது வழக்கம்.

குழாயின் அடியில் ஒரு பெண்டு வைத்து, நீளக் குழாய் சேர்த்து, தண்ணீரை வீட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோவதற்கு ஆகும் செலவு ஓர் அறைக்குப் பெயின்ட் அடிக்கும் செலவில் சிறு பகுதி. அடுத்து, வீட்டைச் சுற்றிக் குறைந்தது மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட வேண்டும். சுவரும் தளமும் சேரும் இடத்தைச் சிமென்ட்டால் பிணைக்காமல், தார் அல்லது சீலன்ட்டால் அடைக்க வேண்டும். தளம் மண்ணோடு ஏறி இறங்க இடம் வேண்டும். இப்படிச் செய்தால் மழையில் ஓரம் ஊறாது, கோடையில் ஓரம் காயாது. மண் அமைதியானால் சுவரும் அமைதியாகும்.

மழைநீர் சேகரிப்பு பற்றி இங்கே மனம் திறந்து பேச வேண்டும். 2003-ல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது மிக நல்ல காரியம். நகரத்தின் நிலத்தடி நீருக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் மணல் பூமிக்குப் பொருந்தும் சின்னக் கசிவுக்குழியைக் களிமண் மனையில் சுவரை ஒட்டித் தோண்டினால், தண்ணீர் கீழே இறங்குவதில்லை. குழி நிறைந்து, அஸ்திவாரத்தின் பக்கவாட்டில் வாரக்கணக்கில் தேங்கி நிற்கிறது. களிமண் பகுதியில் மாடித் தண்ணீரை வடிகட்டிச் சம்ப்பில் எடுக்கலாம், பழைய கிணறு இருந்தால் அதில் விடலாம். இரண்டும் முடியாதபோது களிப்படிவத்தைத் தாண்டி மணல் அடுக்கு வரை போகும் ஆழமான உறைகிணறு தோண்ட வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து தள்ளி.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேம்பும் அரசும் கோடையில் அஸ்திவாரத்தடி மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவதே பாதுகாப்பு. அதற்காக விரிசலைப் பார்த்ததும் வளர்ந்த மரத்தை வெட்டிச் சாய்ப்பது அதைவிட ஆபத்து. இத்தனை வருடம் மரம் குடித்த நீர் முழுவதும் மண்ணில் தங்கி, களி ஊதி, இறங்கிய சுவர் இப்போது மேலே தள்ளப்படும். கிளைகளைக் கழித்து, மரத்தின் தாகத்தைக் குறைப்பதே வழி.

சாலை ஏறியது, வீடு இறங்கியது

சுவர் ஓதம் அடிப்பதற்கு வருகிறேன். செங்கல்லும் பூச்சும் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மூன்றடி வரை மேலே ஏற்றும். இதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்தில், சுவர் எழும்புவதற்கு முன், நீர் ஏறாத கலவைப் பட்டை ஒன்றைப் போடுகிறார்கள். சிக்கனம் என்று அதை விட்டுவிடும் வீடுகள் உண்டு. ஒழுங்காகப் போட்ட வீடுகளிலும் அது இன்று பயனில்லாமல் போவதற்குக் காரணம் தெரு.

பழைய தார் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொன்று. முப்பது நாற்பது வருடத்தில் சாலை வீட்டின் வாசற்படியை விழுங்கிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரரும் முற்றத்தில் மண் கொட்டி உயர்த்துகிறார். ஈரத்தைத் தடுக்க வேண்டிய பட்டை இப்போது மண்ணுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. அதற்கு மேலே உள்ள சுவர் பக்கவாட்டிலிருந்து நேராக மண் ஈரத்தைக் குடிக்கிறது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு தெருவாசிக்கும் உண்டு. ஏனென்றால் விதியை மீறிப் போடும் ஒவ்வோர் அங்குலத் தாருக்கும் விலை கொடுப்பது, தெருவின் தாழ்ந்த முனையில் இருக்கும் சின்ன வீடுகள்தான்.

ஓதம் கண்ட சுவரில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்குப் பின்னால் ஏறி, ஐந்தாவது அடியில் வெளிவருகிறது. செய்ய வேண்டியது வேறு. முற்றத்து மண்ணை, முடிந்த அளவு, பேஸ்மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, நீர் விலக்கும் சிலிகோன் வகைக் குழம்பைச் செலுத்தினால் புதைந்துபோன பட்டைக்கு மாற்றாக ஒரு தடுப்பு கிடைக்கும். பிறகு காத்திருக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்பு காய ஒரு மாதம் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்குப் பல மாதம் ஆகும். அதுவரை செங்கல் வெளியே தெரிந்தபடி இருக்கட்டும். விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்ற கவலைதான் இங்கே பெரிய எதிரி. காய்ந்த பின் சுண்ணாம்புக் கலவையால் பூசினால் நல்லது. வண்ணமும் ஈரம் வெளியேற விடும் வகையாக இருக்கட்டும்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்த பிறகு, வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தும் வேலை பரவலானது. பேஸ்மட்டத்துக்குக் கீழே தோண்டி, சில அடிக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைச் செருகி, ஆட்கள் ஒரே நேரத்தில் திருகத் திருக, வீடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும் காட்சி பிரமிப்பானது. வெள்ளத்துக்கு அது உண்மையான தீர்வு. ஆனால் உயர்ந்த வீடு நிற்பது அதே களியில். ஏற்கெனவே விரிசல் கண்ட வீட்டை, மண்ணையும் அஸ்திவாரத்தையும் பார்க்காமல், பேஸ்மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் தூக்கினால், விரிசலும் சேர்ந்து உயரும். ஒப்பந்தம் போடும் முன் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பழசோடு புதுசைச் சேர்க்கும்போது

பிள்ளைக்குக் கல்யாணம், ஓர் அறை கூட்ட வேண்டும். பின்பக்கம் அஸ்திவாரம் தோண்டி, பழைய சுவரில் துளையிட்டுக் கம்பி செருகி, புதுச் சுவரோடு பிணைத்துவிடுகிறார் மேஸ்திரி. பழைய வீடு இருபது வருடத்தில் இறங்க வேண்டியது இறங்கி முடித்துவிட்டது. புது அறை இனிமேல்தான் இறங்கும். பிணைத்த இடம் கிழியத்தானே செய்யும்? களிமண்ணில் புதுப் பகுதியைத் தனியாக நிற்க விட்டு, இடையே ஓர் அங்குல இடைவெளியில் நெகிழும் அடைப்பு வைப்பதே முறை.

புதுப் பகுதிக்கு அண்டர் ரீம் பைல் கேட்டு வாங்கலாம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் இந்த நாட்டுக் கரிசல், களிமண்களுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. மண் ஊதிச் சுருங்கும் மேலடுக்கைத் தாண்டி, பொதுவாக மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு விட்டமுள்ள குமிழ் குடைந்து கான்கிரீட் நிரப்புகிறார்கள். மேலே மண் என்ன ஆட்டம் ஆடினாலும் குமிழ் அசையாத ஆழத்தில் பிடித்துக்கொள்ளும். சாதாரண அஸ்திவாரத்தைவிடச் செலவு கூடுதலாகத் தெரியும். வீட்டின் ஆயுள் முழுக்க விரிசலுக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அது கூடுதல் இல்லை.

காற்றில் இருக்கும் ஈரத்தின் தொல்லைகள் தனி. மழை மாதங்களில் காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். அப்போது ஊதிய மரக்கதவு அடைத்துக்கொள்கிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால், சித்திரையில் இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். கோடை வரை பொறுத்து, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உட்பட ஆறு பக்கமும் பெயின்ட் அடித்தால் போதும். சமையலறை அலமாரிக்குத் துகள் பலகை வேண்டாம். 710 தரத்துப் பிளைவுட் கேளுங்கள். பீரோவை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் பின்னால் பூஞ்சை வராது.

கம்பி துருப்பிடிப்பது மட்டும் விளையாட்டல்ல. கடலோரக் காற்றில் நனைந்து காயும் கான்கிரீட்டைக் கடும் சூழல் என்று இந்தியத் தரவிதி வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும் என்கிறது. பழைய வீடுகளின் சன்ஷேடுகளில் அதில் பாதிகூட இருப்பதில்லை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்கும் இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுத்தம் செய்து, பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் கட்ட வேண்டும். துருவின் மேலேயே சிமென்ட் பூசினால், அடுத்த முறை அது பெயர்ந்து விழும்போது கீழே யார் நிற்பார்களோ தெரியாது.

இவ்வளவையும் வீட்டுக்காரர் ஒருவரே தெரிந்துகொண்டு, மேஸ்திரியோடு வாதாடிச் செய்யவைக்க வேண்டும் என்பது நியாயமில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சுயசான்று கொடுத்தால் இணையத்தில் உடனே கட்ட அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்ததில் மகிழ்ச்சி. அந்த அனுமதிச் சீட்டோடு, மனை இருக்கும் வார்டின் மண் எப்படிப்பட்டது என்ற ஒரு பக்கத் தகவலையும் இணைத்துக் கொடுக்க முடியும். மெட்ரோ ரயிலுக்கும் மேம்பாலங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நகரம் முழுக்கத் துளையிட்டு எடுத்த மண் அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றைத் திரட்டி வார்டு வாரியாக வெளியிட்டால், மனை வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே களியா, மணலா, பாறையா என்று பார்த்துக்கொள்வார். பழைய வீட்டைத் திருத்துகிறவர் பொறியாளரிடம் எந்தக் கேள்வியோடு போக வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.